தனாக்கா பூசிய ஞாயிற்றுக்கிழமை

எழுத வராதவள் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பர்மாவில் பெகு பக்கத்தில் ஒரு அரிசி மில் ஊரில், முருகன் கோயிலை ஒட்டி இருந்த தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும் படித்தேன். அவ்வளவுதான் என் படிப்பு. முன்னே நடந்ததைப் பின்னே சொல்வேன், பின்னே நடந்ததை முன்னே சொல்வேன். பேர் மறந்துபோகிறது. அங்கேயே இருந்துவிட்ட நம்மவர்களும், கப்பலேறி வந்து ஆளுக்கொரு ஊரில் இறங்கினவர்களும் படிக்கிற பத்திரிகை இது என்று சொன்னார்கள். "நீங்கள் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துகிறீர்களாமே, அதைப் பற்றி எழுதுங்கள்" என்று கேட்டு விட்டார்கள். வகுப்பு என்று சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் வருகிற சித்திரைக்கு ஒரு விஷயம் நடந்து ஒரு வருசம் ஆகிறது. அது மனசைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

1

திருப்பூரில் ராயபுரத்தில் இருக்கிறேன். ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கட்டின லைன் வீடுகள், ஒரு வீட்டில் தாளித்தால் பக்கத்து வீட்டில் தும்முவார்கள். காலையில் பழைய சோற்றைக் கரைத்துக் குடித்துவிட்டுப் பனியன் கம்பெனிக்குப் போய்விடுவேன். தைத்து வருகிற பனியனில் தொங்கிக்கொண்டிருக்கிற நூலைக் கத்தரியால் வெட்டுவது என் வேலை. பிசிர் வெட்டுவது என்பார்கள். மூலையில் ஒரு இடம் எனக்கு. அந்த மூலை எனக்குப் பிடித்திருக்கிறது.

என் அப்பா இந்தக் கோயமுத்தூர்ப் பக்கத்து ஆள். மில்லில் மூட்டை தூக்கப் போனவர். அம்மா பர்மாக்காரி, மில் வாசலில் மொகிங்கா என்கிற மீன் குழம்புச் சேமியா விற்றவள். எனக்கு அப்பா நிறம், அம்மா கண்ணும் மூக்கும். இந்தியாக்காரர்களை அங்கே கலா என்பார்கள். அங்கே இருந்தவரைக்கும் என்னை "கலா வீட்டுப் பெண்" என்றார்கள். அப்பா ஊர், நம்ம சனம் என்று நம்பி இங்கே வந்து இறங்கினேன், சீனாக்காரனோடு சண்டை முடிந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது, என்னைப் பார்த்ததும் "சீனாக்காரி" என்று விட்டார்கள்.

கம்பெனியில் சின்னப் பெண்கள் நல்லவர்கள்தான். ஆனாலும் சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தி கேட்பாள்:

"ஏனுங்க்கா, உங்கூர்ல பாம்பு திம்பாங்களாமா?"

இன்னொருத்தி, "போடி, அக்காவப் பாத்தா பாம்பு திங்கற மாதிரியா இருக்குது? மீனை அழுக வெச்சுத் திம்பாங்களாம், அவ்வளவுதான். இல்லீங்க்கா?"

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அழுக வைப்பதில்லை, உப்புப் போட்டுப் பதப்படுத்துவது, வெயிலில் காயவைத்து இடிப்பது, அதன் வாசனை அடுப்பில் ஏறினால் என் அம்மா பாட்டுப் பாடுவாள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னதில்லை. சிரித்து வைத்துவிட்டுக் கத்தரியை எடுத்துக்கொள்வேன்.

2

எனக்குப் பக்கத்து வீடு மா கின் வீடு. என்னைப்போல் பாதி இல்லை, முழுப் பர்மாக்காரி. அவள் வீட்டுக்காரர் பழனிச்சாமி அங்கே கடை வைத்திருந்தார். கடைகளைச் சர்க்கார் எடுத்துக்கொண்ட பிறகு பெண்டாட்டியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். இப்போது சலவைப் பட்டறையில் வேலை. துணி வெளுக்கிற மருந்தில் நின்று நின்று அவர் கால் வெளுத்துக் கிடக்கிறது. ஊத்துக்குளியில் அவருக்கு ஒறம்பரை, சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அங்கே போனால் தனியாகத்தான் போவார். முதல்தரம் மா கின்னையும் கூட்டிப் போனபோது அவளுக்கு மாட்டுக் கொட்டகைப் பக்கம் இலை போட்டார்களாம். அதற்குப் பிறகு அவரும் கூப்பிடவில்லை, அவளும் கேட்கவில்லை.

ராயபுரத்தில் அவளுக்குக் கண்ணம்மா என்று பேர். ரேசன் கார்டு எழுதப் போன இடத்தில் பேரைக் கேட்ட குமாஸ்தா, "இதென்னங்க பேரு, மாக் கிண்ணம்?" என்று சிரித்திருக்கிறார். பழனிச்சாமி அங்கேயே பேரை மாற்றிவிட்டு வந்துவிட்டார். அவளும் தமிழச்சிதான், அங்கே பிறந்ததால் பேச்சு அப்படி, கண் பிறவியிலேயே அப்படி என்று லைன் வீடு முழுக்கச் சொல்லி வைத்தோம். நானும் அப்படியேதான் சொன்னேன்.

கைக்குழந்தையாக வந்தவள் கமலா. வளர்ந்து எட்டாவது படித்தாள். படிப்பில் கெட்டி. பேச்சோ, கேட்டால் நாலு தலைமுறையாக இங்கேயே தோட்டம் காடு வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளை என்றுதான் நினைப்பீர்கள். ஒரு நாள் அவள் சாப்பாட்டுத் தூக்கை மறந்துவிட்டுப் போனாள் என்று மா கின் பள்ளிக்கூடத்துக்கே எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். வாசலில் நின்ற பெண்கள், "யாருடி அது?" என்று கேட்டிருக்கிறார்கள்.

"எங்கூட்டு வேலைக்காரி" என்று சொல்லிவிட்டாள் கமலா.

மா கின்னுக்குத் தமிழ் பேசத்தான் வராது, நன்றாகப் புரியும்.

சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தபோது என் வாசலில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. பர்மா பேச்சில் சொன்னாள்: "மமா, அவளுக்கு என்மேல் கோபம் இல்லை. என் முகம் அவளுக்கு வந்துவிட்டதே, அதன்மேல் கோபம்." மமா என்றால் அக்கா. பிறகு சொன்னாள்: "பாதியாக இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியாது. நான் முழுசு. அவள் அப்பாவும் முழுசு. இந்த லைனில் பாதியாகவே இத்தனை வயசு வரைக்கும் இருந்தவள் நீ ஒருத்திதான். நீ சொல்லிக்கொடு."

எனக்கு உடம்பு கூசிப்போனது. நான் என்னத்தை இருந்தேன்? எப்படி ஒளிந்துகொள்வது என்று கேட்டிருந்தால் சொல்லிக்கொடுத்திருப்பேன்.

3

அப்படித்தான் வகுப்பு ஆரம்பமானது. ராயபுரத்திலும் பக்கத்திலும் அம்மா பர்மாக்காரியாக இருக்கிற வீடுகள் இன்னும் மூன்று இருந்தன. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிள்ளைகள் மா கின் வீட்டில் கூடுவார்கள். அவள் சிலேட்டில் க ஜீ, க க்வே என்று பர்மா எழுத்துகளை வட்ட வட்டமாக எழுதிக் காட்டுவாள். நான் கதை சொல்வேன். என் அப்பா ரசம் கேட்க, அம்மா மீன் குழம்பை ஊற்ற, இரண்டு பேரும் இரண்டு பாஷையில் சண்டை போட்டு, கடைசியில் இரண்டையும் கலந்து தின்றுவிட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்பதை ஒருத்தருக்கொருத்தர் ஒப்புக்கொள்ளாமல் எழுந்து போவதைச் சொன்னால் பிள்ளைகள் உருளுவார்கள்.

ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு சொல்வோம். ஜன்னலுக்குப் பழைய சேலை. க ஜீ என்று பிள்ளைகள் சத்தமாகச் சொன்னால் நானே "ஷ்ஷ்" என்பேன். வெட்கப்படக் கூடாது என்று சொல்லிக்கொடுக்கிற பாடத்தை வெட்கப்பட்டுக்கொண்டே நடத்தினோம்.

ஒருநாள் ஒரு சின்னது கேட்டது: "பெரியம்மா, நாம எந்தச் சனம்?"

"யாராச்சும் கேட்டா உங்க அப்பா சனம்னு சொல்லிக்க" என்று சொன்னேன்.

மா கின் சிலேட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கமலா மூலையில் கணக்குப் போடுகிறாற்போல் உட்கார்ந்திருந்தாள். வகுப்பு அவளுக்காகத்தான், ஆனால் அவள் வாயைத் திறந்து ஒரு எழுத்துச் சொன்னதில்லை.

4

சித்திரை பிறக்கிற சமயம்தான் அங்கே தண்ணீர்த் திருநாள். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெரு முழுக்கத் தண்ணீர், லாரியில் பாட்டு, யார் எவர் என்று இல்லாமல் நனைந்து நிற்போம். என்னையும் யாரும் எந்த வீடு என்று கேட்காமல் ஊற்றுவார்கள். வருசத்தில் அந்த நாட்களில் மட்டும் நான் தெருவின் நடுவில் நடந்திருக்கிறேன்.

போன வருசம் அந்த ஞாயிற்றுக்கிழமை மா கின் ஆசைப்பட்டாள். கப்பலில் வரும்போது தனாக்காக் கட்டை ஒன்றைத் துணிக்குள் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். அதைச் சந்தனம்போல் கல்லில் உரைத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் கன்னத்தில், நெற்றியில், மூக்கில் பூசினாள். கமலா கூட, வெளியே போகப் போவதில்லை என்று முகத்தைக் காட்டினாள். டம்ளரில் தண்ணீர் எடுத்து ஒருத்தர் தோளில் ஒருத்தர் ஊற்றினோம். கதவு சாத்தித்தான் இருந்தது. சின்னது ஒன்று சிரிப்பு தாங்காமல் கதவைத் திறந்துகொண்டு ஓடிவிட்டது.

வாசலில் தெய்வாத்தாள் நின்றிருந்தார். வீட்டுக்காரம்மா. லைன் வீடு முழுக்க அவருடையது, முன் வீட்டில் இருக்கிறார். நல்ல வெயில் காலம். வீரபாண்டிப் பக்கம் இரண்டு வீட்டில் அம்மை போட்டிருக்கிறது என்று பேச்சு வந்திருந்தது. அவர் பார்க்கிறார்: பிள்ளை முகத்தில் மஞ்சள் காய்ந்தாற்போல் திட்டுத் திட்டாக. உள்ளே எட்டிப் பார்த்தால் இருட்டில் இன்னும் நாலைந்து பிள்ளைகள், எல்லாம் அதே கோலம். மத்தியானம் பூராவும் சாத்தின கதவு.

சட்டென்று செருப்பைக் கழற்றிவிட்டார். கையைக் கூப்பினார்.

"மாரியாத்தா! ஏனுங்க கண்ணம்மா, ஆத்தா வந்து எத்தன நாளாச்சுங்க? இத்தன புள்ளைங்களுக்கும் ஒண்ணாவா? எனக்கொரு சொல்லுச் சொல்லோணுமில்லீங்க?"

மா கின் என்னைப் பார்த்தாள். பேச வேண்டியது நான். அம்மை இல்லீங்க, இது எங்க ஊர்ப் பூச்சு, இவ பர்மாக்காரிங்க. இவ்வளவுதான் சொல்ல வேண்டும். நான் டம்ளரில் மிச்சமிருந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே இருந்து கமலா சொன்னாள், எங்களுக்கு ஒருத்திக்கும் வாய்க்காத சுத்தமான கொங்குப் பேச்சில்: "ஆமாங்க அம்மாயி. நேத்திருந்துதானுங்க."

5

அரை மணி நேரத்தில் வாசலில் வேப்பிலை கட்டியாகிவிட்டது. தெய்வாத்தாள் தன் கையாலேயே கட்டினார். தாளிக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, ஒறம்பரை யாரும் வரக் கூடாது, மூன்று தண்ணி ஊற்றுகிற வரைக்கும் பிள்ளைகள் படி தாண்டக் கூடாது. என்னையும் கம்பெனிக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மற்ற பிள்ளைகளை மூஞ்சியைத் துடைத்துப் பின்பக்கமாக அனுப்பினோம். அவரவர் வீட்டுக்கும் வேப்பிலை போய்ச் சேர்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் தாங்க முடியவில்லை. மா கின்னோடு பேசாதவர்கள், குழாயடியில் அவள் குடத்தை நகர்த்தி வைத்தவர்கள், ஒவ்வொருத்தராக வந்தார்கள். இளநீர் வந்தது, கம்மங்கூழ் வந்தது. வாசலில் வைத்துக் கும்பிட்டார்கள். "தாயி, குளுந்துக்க தாயி" என்று கமலாவைக் கும்பிட்டார்கள். "நீங்க நெம்பக் குடுத்து வெச்சவங்க சாமி" என்று மா கின்னிடம் ஒருத்தி சொன்னாள்.

அவர்கள் போன பிறகு மா கின் இளநீரைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "மமா, இன்றைக்கு என் வாசலில் எத்தனை பேர் செருப்பைக் கழற்றினார்கள் பார்த்தாயா? இதுவரைக்கும் ஒருத்தரும் கழற்றினதில்லை."

"ஏன்?"

"உள்ளே வந்தால்தானே கழற்ற வேண்டும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பு நின்றுபோனது. அந்தப் புதன்கிழமை கமலாவுக்கு முழுப் பரீட்சை. எட்டாவது தேறினால் ஒன்பதாவதில் சேர்த்துவிடுவது, இல்லாவிட்டால் கம்பெனிக்கு அனுப்பிவிடுவது என்று பழனிச்சாமி முன்னாலேயே சொல்லியிருந்தார். படி தாண்டக் கூடாத பிள்ளை எப்படிப் பரீட்சைக்குப் போவது?

திங்கட்கிழமை பழனிச்சாமி ஊத்துக்குளியிலிருந்து இலையில் வெண்ணெயைச் சுற்றிக்கொண்டு வந்தார். வேப்பிலையைப் பார்த்து பயந்து, விஷயம் தெரிந்ததும் உட்கார்ந்துவிட்டார்.

"சொன்னது சொன்னதாவே இருந்துட்டுப் போகட்டும்" என்றார். "இப்பப் போயி பொய்யின்னு சொன்னா ஊட்டைக் காலி பண்ணச் சொல்லுவாங்க. பரீட்சை போனாப் போகுது. பனியன் கம்பெனியில கைமடிக்கு ஆள் கேக்கறாங்க." கைமடி என்றால் டெய்லர் பக்கத்தில் நின்று துணியை மடித்து எடுத்து வைக்கிற வேலை. சின்னப் பெண்கள் அதில்தான் சேருவார்கள். சேர்ந்தவர்கள் திரும்பிப் பள்ளிக்கூடம் போய் நான் பார்த்ததில்லை.

மா கின் மகளைப் பார்த்துப் பர்மா பேச்சில் பேசினாள். "நீ போய் எழுது. நான் சொல்லிக்கொள்கிறேன்" என்றாள்.

"என்னன்னு சொல்லுவே?" கமலா கத்தினாள். "பர்மாக்காரின்னா? பரீட்சையே வேண்டாம். நான் கைமடிக்கே போறேன். அதுக்கு இது மேல்."

எட்டாவதில் முதல் மூன்று பேருக்குள் வருகிற பிள்ளை. எங்கள் முகத்தை மறைக்கப் பள்ளிக்கூடத்தையே விட்டுவிடலாம் என்கிறாள். நான் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொடுத்த லட்சணம் இது.

6

புதன்கிழமை காலையில் மா கின் யாரிடமும் சொல்லவில்லை. கல்லையும் கட்டையையும் எடுத்துக்கொண்டு தெய்வாத்தாள் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தாள். தண்ணீர் தெளித்து உரைக்க ஆரம்பித்தாள். குழாயடியில் எல்லாரும் நிற்கிறார்கள். தெய்வாத்தாள் வெளியே வந்து, "என்னுங்க இது, ஆத்தா இருக்கற ஊட்ட உட்டுப்போட்டு இங்க வந்து உக்காந்துட்டீங்க?" என்றார்.

மா கின் உரைத்ததை விரலில் எடுத்துத் தன் கன்னத்தில் பூசினாள். ஒரு பக்கம், பிறகு மறு பக்கம்.

"ஆத்தா இல்லே. இது கட்டை. எங்க ஊரு பவுடர். பிள்ளைக்கு நோவு இல்லே. நான் பர்மா. கண்ணம்மா இல்லே, மா கின்." அவ்வளவுதான் தமிழ் இருந்தது அவளிடம். பிறகு ஒரு வார்த்தை தேடிப் பிடித்தாள். "பரீட்சை."

தெய்வாத்தாள் முகம் சிவந்துவிட்டது.

"நீங்க பர்மாக்காரின்னு எனக்குத் தெரியாதுங்களா? எனக்குக் கண்ணு இல்லீங்களா? இந்த லைன்ல தெரியாதவிய ஆரு?" என்றார். "எங்கிட்ட என்ன பொய் வேணாச் சொல்லிக்குங்க. ஆத்தா பேர்ல சொல்லலாமுங்களா? நான் ரெண்டு நாளா வெறும் வயித்தோட வெரதம் கெடக்கறேன்."

மா கின் தலையாட்டினாள். மன்னிப்புக் கேட்கத் தமிழ் வராமல், அங்கே பெரியவர்களைக் கும்பிடுகிற மாதிரி மண்டியிட்டுத் தரையில் தலையை வைத்தாள். தெய்வாத்தாள் ஒரு அடி பின்னால் போய்விட்டார்.

"எந்திரிங்க. மொதல்ல புள்ளையக் கூட்டீட்டுப் போங்க, மணியாவுது. மத்தது பொறவு பேசிக்கலாம்." உள்ளே போய்விட்டார்.

கமலா வர மாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டாள். பழனிச்சாமிதான், அதுவரைக்கும் பேசாமல் நின்றவர், அவள் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். "போ கண்ணு. அதான் சொல்லியாச்சே. இனி என்ன?" என்றார்.

நானும் கூடப் போனேன். சேதி அதற்குள் எட்டியிருந்தது, பள்ளிக்கூட வாசலில் வாத்தியார் நிறுத்திவிட்டார். "அம்மை போட்ட புள்ளைய உள்ள விட முடியாதுங்க." மா கின் கன்னத்துப் பூச்சோடு நிற்கிறாள். பெண்கள் பார்க்கிறார்கள். மா கின் என் முழங்கையைத் தொட்டாள்.

"அம்மை இல்லீங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொருதரம் சொன்னேன். "அம்மை இல்லீங்க. இவுங்க அம்மா பர்மாக்காரிங்க. அது அவுங்க பூசற பூச்சு. நானும் பாதிங்க. எங்கம்மாவும் பர்மாக்காரிதானுங்க." யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்.

வாத்தியார் என்னையும் மா கின்னையும் பார்த்தார், கமலாவின் கையைத் திருப்பிப் பார்த்தார். "சரிங்க, உள்ள போகச் சொல்லுங்க. கேள்வித்தாள் குடுக்கப் போறாங்க" என்றார்.

இவ்வளவுதானா என்று இருந்தது. இத்தனை வருசம் பொத்திப் பொத்தி வைத்தது இதற்குத்தானா? ஆனால் கமலாவுக்கு இவ்வளவுதான் இல்லை. வரிசையில் ஒருத்தி "பர்மா" என்று மெதுவாகச் சொல்ல, பக்கத்தில் இருந்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கமலா எங்கள் இரண்டு பேரையும் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

7

தேறிவிட்டாள். இப்போது ஒன்பதாவது. வகுப்புக்கு வருவதில்லை, வீட்டுப்பாடம் இருக்கிறது என்பாள். எங்களைப் பார்த்தால் பேசுவாள், முன்னைவிடக் குறைவாக.

தெய்வாத்தாள் எங்களை மாரியம்மன் கோயிலில் பொங்கல் வைக்கச் சொன்னார், வைத்தோம். வீட்டைக் காலி பண்ணச் சொல்லவில்லை. வெகு நாள் மா கின்னோடு பேசவில்லை. இப்போது பேசுகிறார், ஆனால் கண்ணம்மா என்று கூப்பிடுவதில்லை. "மாக்கின்னு" என்கிறார். கோபமா மரியாதையா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்துதான் வைக்கிறோம். பழைய சேலையைக் கழற்றிவிட்டோம். இரண்டு வீட்டுக்காரர்கள் அதனாலேயே பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

போன வாரம் நான் அரிசி களைந்துகொண்டிருந்தபோது கமலா வந்து நிலையில் சாய்ந்து நின்றாள். பிறகு கேட்டாள்: "பெரியம்மா, நம்மள மாதிரி ரெண்டு சனத்துல பொறந்தவங்கள அங்க என்னன்னு கூப்புடுவாங்க?"

நம்மள மாதிரி என்றாள். எனக்குக் கை நின்றுவிட்டது.

வார்த்தை எனக்குத் தெரியும். கபியா என்பார்கள். ஆனால் அவள் அடுத்து என்ன கேட்பாள் என்றும் தெரியும். அது வசவா, சும்மா சொல்கிற பேரா என்று கேட்பாள். அதனால், யோசித்துச் சொல்கிறேன் கண்ணு என்று அனுப்பிவிட்டேன்.

அங்கேயே இருக்கிற நீங்கள் யாராவது இதைச் சரிபார்த்து எழுத வேண்டும். மா கின்னைக் கேட்டால், அவள் முழுசு, அவளை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, அவளுக்குத் தெரியாது. நான் எழுதினதில் ஊர்ப் பேரோ நாளோ தப்பாக இருந்தால் அதையும் திருத்துங்கள். ஆனால் இந்த ஒன்றை மட்டும் நன்றாக விசாரித்துச் சொல்லுங்கள். தெருவில் சொல்கிறவர்கள் அதை எப்படிச் சொல்கிறார்கள், காறித் துப்புகிறாற்போலவா, பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறாற்போலவா? என்னை எத்தனையோ பேர் அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒருதரமாவது நிமிர்ந்து, சொன்னவர் முகத்தைப் பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும்.